பழைய கடனுக்குப் போன் வந்தால், காசு கட்டுவதற்கு முன்னம் திகதியைப் பாருங்கள்

"அண்ணை, 2014 இல எடுத்த லீசிங்கில உங்களுக்கு இன்னும் பாக்கி கிடக்கு. ஒரு ஆயிரம் ரூபாயெண்டாலும் இண்டைக்குப் போட்டுவிடுங்கோ, மிச்சத்தை நான் கதைச்சுப் பார்க்கிறன்."

யாழ்ப்பாணத்தில் இந்த அழைப்பு வந்த ஆட்கள் கனபேர். கேட்பவர் நல்ல மரியாதையாகத்தான் கேட்பார், நம்மாளும் தொல்லை விட்டால் போதும் என்று ஆயிரத்தைப் போட்டுவிட்டு வருவார். அந்த ஆயிரத்தால், வழக்குப் போட முடியாமல் கிடந்த ஒரு கடனுக்கு வழக்குப் போட வழி திறந்துவிட்டிருக்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. கேட்கச் சொன்ன கொம்பனிக்குத் தெரிந்திருக்கும்.

இலங்கையில் கடனுக்கு வழக்குப் போடக் காலக்கெடு இருக்கிறது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், சட்டத்தரணிமார் பிறிஸ்கிறிப்சன் ஓடினன்ஸ் என்பார்கள், வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்றைக்கும் நடைமுறையில் இருப்பது அதுதான். காணியைப் பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டால் உரிமை வரும் என்று ஊரில் கதைப்பார்களே, அந்தக் கதையும் இந்தச் சட்டத்திலிருந்து வந்ததுதான். காணிக் கணக்கு எல்லோருக்கும் தெரியும், கடனுக்கும் அதற்குள்ளேயே கெடு போட்டிருக்கிறது என்பது தெரிந்தவர்கள் குறைவு. எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் வாசித்துச் சொல்லக் கேட்டு என்னிடம்தான் கொண்டுவருவார்கள், அப்படி வாசிக்கப் போய்த் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் சட்டத்தரணியிடம் போகத்தான் வேண்டும்.

ஒரு விசயத்தை முதலில் வடிவாக விளங்கிக்கொள்ளுங்கள். கெடு முடிந்தால் கடன் அழிந்துபோவதில்லை, வழக்குப் போட்டு அறவிடும் உரிமைதான் போகிறது. அதற்குப் பிறகும் அவர்கள் கேட்கலாம், கடிதம் போடலாம், நீங்களாக விரும்பிக் கட்டினால் வாங்கிக்கொள்ளலாம், கட்டிய காசைப் பிறகு நீங்கள் திருப்பிக் கேட்கவும் ஏலாது. அயலட்டையில் வாங்கின கைமாற்றைக் கெடு முடிந்துவிட்டது என்று சொல்லி விழுங்குவதற்கு நான் இங்கே வழி காட்டவில்லை, அவசரத்துக்குத் தந்த மனிசருக்குக் காசைத் திருப்பிக் கொடுங்கள். எட்டு ஒன்பது வருடம் பேசாமல் கிடந்துவிட்டு, வாகனத்தையும் இழுத்துக்கொண்டு போய் விற்றுவிட்டு, பிறகு முதல் தொகையைப் போல மூன்று மடங்கு பாக்கி என்று வருகிற கொம்பனிக்கு அந்த இரக்கம் தேவையில்லை என்பது என் எண்ணம்.

எந்தக் கடனுக்கு எத்தனை வருடம்

கடன் எப்படி எழுதப்பட்டது என்பதை வைத்துத்தான் வருடம் மாறும். தொகை பெரிதா சிறிதா என்பது இங்கே கணக்கில்லை.

கடையில் கடனுக்கு வாங்கிய சாமான், கொப்பியில் எழுதிய கடைக்கணக்கு, மேசன் தச்சன் கூலி, இவற்றுக்கு ஒரே ஒரு வருடம்தான். காசு கொடுக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். சீமெந்தும் கம்பியும் கடனுக்குக் கொடுத்துவிட்டு மூன்று வருடம் கழித்து வழக்குப் போடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஹார்ட்வெயார் முதலாளிமாருக்கு இது கசப்பாக இருக்கும், அவர்களுக்குக் கடைசியில் ஒன்று சொல்கிறேன்.

எழுத்து ஒன்றும் இல்லாமல் வாய்ப்பேச்சில் கொடுத்த கைமாற்றுக்கு மூன்று வருடம். வீட்டு வாடகைப் பாக்கிக்கும் மூன்று வருடம். எப்போது தருவாய் என்று தவணை சொல்லாமல் கொடுத்த கைமாற்று என்றால் கொடுத்த அன்றிலிருந்தே காலம் ஓடத் தொடங்கிவிடும்.

கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் என்றால் ஆறு வருடம். பைனான்ஸ் கொம்பனிக் கடன், லீசிங், நுண்கடன், கையெழுத்து வைத்து எடுத்த கிரெடிட் காட், புறோநோட்டு, காசோலை எல்லாம் இதற்குள் வரும். ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து எண்ணுவார்கள், நோட்டு என்றால் காசு கொடுக்க வேண்டிய நாளிலிருந்து அல்லது கடைசியாக வட்டி கட்டிய நாளிலிருந்து.

காணியையோ வேறு சொத்தையோ ஈடு வைத்து எடுத்த கடனுக்கும், காசு கட்டுவதாக எழுதிக்கொடுத்த கடன் முறிக்கும் பத்து வருடம். இதில் ஒரு சிக்கல். வாகனக் கடனில் சிலது லீசிங், அதாவது வாகனம் கொம்பனியின் உடைமையாக இருக்க நீங்கள் தவணை கட்டி ஓட்டுவது, சிலது வாகனத்தையே ஈடாக எழுதிய கடன். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், மாதம் மாதம் தவணை கட்டுவதும் ஒன்றுதான், ஆனால் ஒன்றுக்கு ஆறு, மற்றதுக்குப் பத்து. ஆகவே ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் என்ன தலைப்புப் போட்டிருக்கிறது என்று பாருங்கள், வாகனப் பதிவுப் புத்தகத்தில் கொம்பனியின் பெயர் எந்த இடத்தில் எப்படிப் பதிந்திருக்கிறது என்பதையும் பாருங்கள்.

திகதியைக் கண்டுபிடிப்பது

இதுதான் வேலை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

நீங்கள் கடைசியாகக் காசு கட்டிய நாள் எது? ஞாபகத்தை நம்பாதீர்கள், கட்டின துண்டு, வங்கிப் புத்தகம், போனில் வந்த குறுஞ்செய்தி, எது கிடைக்கிறதோ அதைத் தேடுங்கள். நம்முடைய வீடுகளில் இப்படியான துண்டுகள் சாமியறைப் படத்துக்குப் பின்னாலோ அலுமாரியில் சேலைக்கு அடியிலோதான் இருக்கும், பொலித்தீன் பைக்குள் மடித்து, மை மங்கி. மங்கிய துண்டுகளை இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள், அந்த வெப்பத்தாளில் அச்சடித்த எழுத்து நாள் போகப் போக முற்றாகப் போய்விடும்.

சொல்லுவோம், ஒருவர் 2015 இல் முச்சக்கரவண்டிக்கு லீசிங் போட்டார். 2017 யூலையில் கடைசித் தவணை கட்டினார், ஓகஸ்ட் தவணை விட்டுப்போயிற்று. நவம்பரில் ஒப்பந்தத்தை ரத்துச் செய்து கொம்பனி கடிதம் போட்டது, டிசெம்பரில் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள், பிறகு விற்றார்கள், விற்ற காசு போதவில்லை என்று மிச்சத்தைக் கேட்கிறார்கள். ஆறு வருடத்தை ஓகஸ்டிலிருந்து எண்ணுவதா நவம்பரிலிருந்து எண்ணுவதா? நீங்கள் ஓகஸ்ட் என்பீர்கள், அவர்களுடைய சட்டத்தரணி நவம்பர் என்பார். இந்தச் சண்டையை நீதிமன்றத்துக்கு விட்டுவிட்டு, வீட்டில் கணக்குப் பார்க்கும்போது பிந்திய திகதியையே எடுங்கள். 2017 நவம்பரிலிருந்து எண்ணினாலும் 2023 நவம்பரோடு முடிந்துவிட்டது என்றால் நிம்மதியாக இருக்கலாம், முந்திய திகதியை வைத்து முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இருப்பது ஆபத்து. கெடு 2020, 2021 பக்கம் முடிவதாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், கொரோனாவால் குறித்த காலத்துக்குள் செய்ய முடியாமல் போனவற்றுக்கு 2021 இன் 17 ஆம் இலக்கச் சட்டம் சலுகை கொடுத்தது. அந்த வருடங்களை ஒட்டி வரும் கணக்கைச் சட்டத்தரணி ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

புறோநோட்டு வேறு கதை. கேட்டவுடன் தருவதாக எழுதிய நோட்டுக்கு, கேட்ட நாளிலிருந்து அல்ல, நோட்டில் உள்ள திகதியிலிருந்தே ஆறு வருடம் ஓடும். அதனால்தான் வட்டிக்குக் கொடுப்பவர்களில் சிலர் திகதி போடாத வெற்று நோட்டில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள், தேவைப்படும் நாளில் தேவைப்படும் திகதியையும் தொகையையும் எழுதிக்கொள்ளலாம். 2012 இல் வாங்கிய ஒரு லட்சம் 2021 ஆம் ஆண்டுத் திகதியோடு நான்கு லட்சமாக நிற்கும். 1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் காசு கடன்கொடுத்தல் சட்டம் இதற்காகவே, கையில் கொடுத்த முதல் எவ்வளவு, முன்கூட்டியே கழித்த வட்டி எவ்வளவு, வருட வட்டி வீதம் எவ்வளவு என்பதை நோட்டிலேயே தனித்தனியாக எழுத வேண்டும் என்று சொல்கிறது. எழுதாத நோட்டை வைத்து வழக்காடுவது அவர்களுக்கு இலேசில்லை. இன்னொன்று, கைமாற்று வட்டிக்காரர் வழக்கில் கேட்கக்கூடிய வட்டிப் பாக்கி முதலை மிஞ்சக்கூடாது, அது 1852 இலிருந்து இருக்கிற விதி. வெற்று நோட்டில் கையெழுத்து வைத்துவிட்டீர்கள் என்றால் காசு வாங்கிய நாளுக்கு வேறு என்ன ஆதாரம் இருக்கிறது என்று பாருங்கள்: வங்கியில் போட்டீர்களா, அந்தக் காசில் நகை மீட்டீர்களா, மகளின் சாமத்தியவீட்டுக்கு எடுத்ததா, மண்டபத் துண்டு இருக்கிறதா.

முடிந்த கெடுவை நீங்களே திறந்துவிடும் இடங்கள்

இரண்டே இரண்டு. காசு கட்டுவது, கையெழுத்து வைப்பது.

முதலிலோ வட்டியிலோ ஒரு பகுதியைக் கட்டினால், மிச்சத்தையும் கட்டுவேன் என்று ஒப்புக்கொண்டதாக அதை எடுத்துக்கொண்டு அந்த நாளிலிருந்து புதிதாக எண்ண இடமுண்டு. கெடு முடிந்த பிறகு கட்டினாலும் அதை வைத்து வாதாட அவர்களுக்குப் பிடி கிடைத்துவிடும். கட்டுவதென்றால் முழுதாகப் பேசித் தீர்த்துக் கட்டுங்கள், இல்லையென்றால் ஒரு சதமும் கட்டாதீர்கள், அரைகுறையாய்ப் போடும் ஆயிரம் இரண்டாயிரம்தான் ஆளை மாட்டிவிடுவது.

வாயால் ஒப்புக்கொண்டது செல்லாது. "ஓம் தம்பி, தரத்தான் வேணும், கையில காசில்லை" என்று போனில் சொன்னால் அதனால் மட்டும் கெடு புதுப்பிக்கப்படாது, எழுத்தில் உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. உங்கள் சார்பில் கையெழுத்து வைக்க நீங்கள் அதிகாரம் கொடுத்த ஆள் வைத்தாலும் அது உங்களைக் கட்டும். ஆனால் இன்றைக்கு எழுத்து என்பது தாளோடு முடிவதில்லை, 2006 இன் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின்படி மின் எழுத்துக்கும் பெறுமதி உண்டு. ஆகவே வட்சப்பில் "அடுத்த மாதம் கட்டுறன் அண்ணா" என்று அனுப்பாதீர்கள். குரல் பதிவும் வேண்டாம், சும்மா ஏன் வம்பு.

எதிர்பாராத ஒரு இடம் மத்தியஸ்த சபை. சிறிய தொகைக் கடன் பிணக்குகள் முதலில் அங்கேதான் போகும், பாடசாலையிலோ பொது மண்டபத்திலோ சனி ஞாயிறில் கூடுவார்கள், ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் நடுவில் இருந்து "சரி, ரெண்டு பேரும் விட்டுக்குடுங்கோ" என்பார். நல்ல ஏற்பாடுதான், அங்கே தீர்ந்த சண்டைகள் எத்தனையோ. ஆனால் அங்கே "மாதம் ஐயாயிரம் கட்டுகிறேன்" என்று இணங்கிக் கையெழுத்து வைத்தால் அது எழுத்திலான புது வாக்குறுதி. கடன் பத்து வருடப் பழையது என்றால் இணங்குவதற்கு முன் திகதிக் கதையை அங்கேயே எடுங்கள். இணங்காமல் வருவது குற்றமில்லை, இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் கொடுத்து அனுப்புவார்கள், அவ்வளவுதான்.

பிணை நின்றவர்கள் தனியாக யோசிக்க வேண்டும். கடன் எடுத்தவர் கனடாவுக்குப் போய்விட்டார், கொம்பனி பிணை நின்ற வாத்தியாரைப் பிடிக்கிறது, இது இங்கே நிறைய. கடன்காரர் எழுதிக்கொடுத்த ஒப்புதல் கடிதம் மட்டும் உங்களைக் கட்டாது, நீங்கள் எழுதிக்கொடுத்தால்தான் நீங்கள் மாட்டுவீர்கள். உங்கள் பிணைப் பத்திரத்தின்படி கேட்டவுடன் கட்ட வேண்டும் என்றிருந்தால் உங்களிடம் எழுத்தில் கேட்ட நாளிலிருந்து உங்கள் கணக்கு ஓடும் என்று அவர்கள் சொல்லக்கூடும், ஆகவே அந்தக் கடிதம் வந்த உறையைக்கூட எறியாதீர்கள், தபால் முத்திரையில் திகதி இருக்கும்.

அப்பா எடுத்த கடனுக்கு மகனிடம் வந்து, "பெயரை மட்டும் மாத்துவம், ஒரு கையெழுத்து" என்பார்கள். வைக்காதீர்கள். செத்தவரின் கடனை அவர் விட்டுப்போன சொத்தில் தேடுவது ஒன்று, உங்கள் சம்பளத்தில் தேடுவது வேறொன்று.

போனும் கடிதமும்

போனில் கேட்டால் நீளமாகக் கதைக்கத் தேவையில்லை. "தம்பி, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, விபரத்தை எழுத்தில அனுப்புங்கோ, பார்த்துப்போட்டுச் சொல்லுறன்." பெயர், எந்தக் கொம்பனி, எந்த இலக்கத்திலிருந்து எடுத்தார், எத்தனை மணி என்று எழுதி வையுங்கள். கடன் வசூலிப்பதை வெளி ஆட்களிடம் கொடுத்துவிடுகிறார்கள், பேசுபவருக்கு உங்கள் கணக்கின் கடைசித் திகதிகூடத் தெரியாமல் இருக்கும், திரையில் தெரியும் தொகையை வாசிப்பார். பொலிஸ் வரும் என்பார்கள். வெறும் கடன் பாக்கிக்குப் பொலிஸ் வராது, அது சிவில் வழக்கு. ஆனால் கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டு கொடுத்த காசோலை திரும்பியிருந்தால் அது 1990 இன் 2 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம், அதை இதோடு குழப்பாதீர்கள்.

பிறகு கடிதம் வரும். கொழும்புச் சட்டத்தரணி ஒருவரின் தலைப்பில், ஆங்கிலத்தில், பதினான்கு நாளுக்குள் கட்டு என்று. இதை நீதிமன்றத் தாள் என்று நினைத்து அழுதுகொண்டு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். இது கோரிக்கைக் கடிதம் மட்டும், வழக்கு இலக்கம் இருக்காது. ஆனால் பதில் போடுவது நல்லது, தமிழிலேயே போடலாம், இப்படி:

"தங்கள் ... திகதிய கடிதம் கிடைத்தது. அதில் கூறப்பட்ட கோரிக்கையை நான் ஏற்கவில்லை. ஒப்பந்தப் பிரதி, முழுக் கணக்கு விபரம், கடைசியாகப் பணம் பெற்றதாகக் கூறும் திகதி, வாகனம் விற்ற தொகை ஆகியவற்றை அனுப்பவும். இக்கடிதத்தில் உள்ள எதுவும் எந்தக் கடனையும் ஒப்புக்கொள்வதாகாது. கோரிக்கை காலங்கடந்தது என்று வாதிடுவது உட்பட எனது சகல உரிமைகளும் ஒதுக்கப்பட்டுள்ளன."

மன்னிக்கவும், கஷ்டம், பிள்ளைக்கு வருத்தம் என்றெல்லாம் எழுதக் கை வரும், எழுதாதீர்கள். "கஷ்டத்தால் கட்ட முடியவில்லை" என்ற ஒரு வரி, கடன் இருக்கிறது என்று கையெழுத்தோடு ஒப்புக்கொண்ட வரி. பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் பிரதியையும் ஒன்றாகக் குத்தி வையுங்கள்.

வேலை செய்யும் இடத்துக்கு வந்து சத்தம் போட்டால், அயலவரிடம் சொன்னால், இரவு வீட்டு வாசலில் இருந்தால், முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு, பதில் சரியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் பிரிவு, தொலைபேசி 1935. வங்கி, அனுமதி பெற்ற பைனான்ஸ் கொம்பனி, அனுமதி பெற்ற நுண்கடன் கொம்பனி இவற்றுக்கெல்லாம் 2023 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. கிழமைக் காசு வாங்க வந்து குசினி வாசல்வரை வருகிற ஆட்கள் அனுமதி பெறாதவர்கள் என்றால் அந்த வழி கிடைக்காது, மிரட்டினால் நேரே பொலிஸ்தான். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் கொண்டுவந்தது, அதில் கழிக்கப்பட்ட கடனை மறுபடி கேட்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

அழைப்பாணை வந்தால்

இங்கேதான் கனபேர் விழுகிறார்கள். கெடு முடிந்த கடன் என்று தெரியும், ஆகவே வழக்கு நிற்காது, ஆகவே போகத் தேவையில்லை என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். பிழை! கெடு முடிந்துவிட்டது என்பதை நீதிமன்றம் தானாக எடுத்துப் பார்க்காது, எதிராளியாகிய நீங்கள் உங்கள் மறுமொழியில் அதை எழுதி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் இருபது வருடப் பழைய கடனுக்கும் தீர்ப்பு விழலாம். விழுந்த தீர்ப்பை நிறைவேற்றப் பத்து வருடம் இருக்கிறது, தீர்ப்பு விழுந்த பிறகு கடனுக்குக் கெடு ஆறு வருடம், மூன்று வருடம் என்று சொல்லிப் பயனில்லை.

யாழ்ப்பாணமோ மல்லாகமோ சாவகச்சேரியோ பருத்தித்துறையோ, தாளில் எந்த மாவட்ட நீதிமன்றம், எந்தத் திகதி என்று பாருங்கள். நீதிமன்றத் தாள்களைக் கொண்டுவந்து கொடுக்கிற பிஸ்கால் கந்தோர் ஆள் வந்தால் தாளை வாங்காமல் ஒளிப்பதால் ஒன்றும் ஆகாது. சில தாள்களுக்கு அவகாசம் மிகக் குறைவு. வங்கியும் பைனான்ஸ் கொம்பனியும் 1990 இன் 2 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் போடும் வழக்கில் முதல் தாளே டிக்றி நைசை என்று தீர்ப்பு மாதிரி வரும். பயப்படாதீர்கள், அது முடிந்த தீர்ப்பல்ல, ஆனால் குறித்த நாளில் சத்தியக்கூற்றோடு போய்க் காரணம் காட்ட அனுமதி கேட்காவிட்டால் முடிந்த தீர்ப்பாகிவிடும். நோட்டு, காசோலை வழக்குகளிலும் சுருக்க நடைமுறை இப்படித்தான், அனுமதி எடுத்துத்தான் வாதாடலாம்.

தாள் வந்தது தெரியாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது என்றால், தீர்ப்புத் தாள் கையில் கிடைத்து 14 நாளுக்குள் போய், வராததற்கு நியாயமான காரணம் காட்டி வழக்கைத் திறக்கக் கேட்கலாம். பதினைந்தாவது நாள் போய் நின்றால் சட்டத்தரணியும் தலையைச் சொறிவார். காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாணக் கந்தோருக்குப் போகலாம், வருமானம் பார்த்து உதவுவார்கள். போகும்போது தாள்களைத் திகதிப்படி அடுக்கிக் கொண்டுபோங்கள், கடைசியாகக் காசு கட்டின துண்டு மேலே இருக்கட்டும்.

காலக்கெடு உதவாத இடங்களும் உண்டு. காணி உறுதியை வங்கியில் ஈடு வைத்திருந்தால் 1990 இன் 4 ஆம் இலக்கச் சட்டப்படி வங்கி வழக்கே போடாமல் ஏலத்தில் விற்கலாம், முதல் தொகை ஐம்பது லட்சத்துக்கு மேலே என்றால். அடகுக் கடையில் நகை இருந்தால் நகையே அவர்கள் கையில், ஏலத் திகதிதான் கணக்கு. கூட்டுறவுச் சங்கக் கடன் பிணக்குகள் கூட்டுறவுப் பதிவாளர் வழியாக நடுத்தீர்ப்புக்குப் போகும். கிரிப் அறிக்கை என்கிற கடன் தகவல் பணியகத்தின் பதிவும் நீதிமன்றக் கெடுவும் ஒன்றல்ல, வழக்குப் போட முடியாத கடன் அங்கே பாக்கியாகத் தெரிந்து புதுக் கடனை மறிக்கலாம். உங்கள் அறிக்கையை நீங்களே காசு கட்டி எடுத்துப் பார்க்கலாம், அதில் கடைசிக் கொடுப்பனவு பற்றி என்ன போட்டிருக்கிறார்கள் என்பதும் உங்களுக்கு ஒரு சாட்சி.

சண்டைக்காலக் கடன் பற்றியும் கேட்கிறார்கள். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்கு முன்னம் எழுதிய நோட்டைத் தூக்கிக்கொண்டு, யுத்த காலம் கணக்கில்லை, 2016 இல் சட்டம் வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது உண்மை, 1983 மே முதலாம் திகதியிலிருந்து 2009 மே 18 வரைக்குமான காலத்தைக் கழித்துப் பார்க்க இடம் கொடுத்தது, ஆனால் அது காணி முதலிய அசையாச் சொத்தை மீட்க நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்களுக்கு. கைமாற்றுக்கும் நோட்டுக்கும் அல்ல.

இனி கடன் கொடுத்தவர்களுக்கு, முக்கியமாகக் கடைக்காரருக்கு. கொப்பியில் நீங்களே எழுதிய கணக்கு ஒரு வருடத்தில் செத்துவிடும். தைப்பொங்கலுக்கு முன்னமோ சித்திரை வருடத்துக்கு முன்னமோ ஒரு நாள் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, கொப்பியில் அந்தப் பக்கத்தின் அடியில் மொத்தத்தை எழுத்திலும் இலக்கத்திலும் போட்டு, "மேற்படி தொகையை இன்ன திகதிக்குள் தருகிறேன்" என்று எழுதி, அவர் கையால் திகதியும் கையெழுத்தும் வாங்குங்கள். அன்றோடு அது வெறும் கடைக்கணக்கு அல்ல, எழுத்திலான வாக்குறுதி, ஆறு வருடம். சிலர் கையெழுத்துக் கேட்டால் கோபிப்பார்கள். அவர்களுக்கு அடுத்த மூட்டை சீமெந்தைக் கைக்காசுக்குக் கொடுங்கள்.